ஒரே வீட்டுல ரெண்டு ரவுட்டர்

நிறைய பேர் கேட்ட கேள்வி இது. வீட்டுல பிராட்பேண்ட் ரவுட்டர் இருக்கு, பின்னாடி ரூமுக்கு வைஃபை எட்டல, இன்னொரு ரவுட்டர் மாட்டலாமா? மாட்டலாம். ஆனா நான் மாட்டுன மாதிரி மாட்டாதீங்க.

கோவில்பட்டியில எங்க வீடு தாத்தா காலத்துக் கல்சுவர் வீடு. ரவுட்டர் வாசல்பக்கம், நடுவுல முற்றம், தங்கச்சி இருக்கிறது கடைசி அறையில. அவளுக்கு ஒரு வீடியோ இன்டர்வியூ. முந்தின நாள் ராத்திரி புது ரவுட்டர் வாங்கிட்டு வந்து, ரெண்டோட லேன் போர்ட்டுக்கும் நடுவுல கேபிளைச் செருகிட்டுத் தூங்கப் போயிட்டேன். விடிஞ்சா வீடு முழுக்க நெட் இல்ல. அவ மொட்டைமாடி வெயில்ல நின்னு மொபைல் டேட்டாவுல பேசினா.

நடந்தது என்னன்னா, ரெண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி, 192.168.1.1. ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் மாதிரி. அதோட, போன், லேப்டாப்புக்கெல்லாம் முகவரி கொடுக்கிற டிஎச்சிபி வேலையை ரெண்டுமே செஞ்சுச்சு. புதுசுகிட்ட முகவரி வாங்கினதெல்லாம், நெட்டே இல்லாத ரவுட்டர் வழியா வெளிய போகப் பார்த்துச்சு.

சரியான வரிசை இது: முதல்ல புது ரவுட்டரைத் தனியா லேப்டாப்போட இணைங்க. அதோட முகவரியை 192.168.1.2ன்னு மாத்துங்க; பழைய ரவுட்டர் அந்த எண்ணை வேற யாருக்கும் கொடுக்காம பாத்துக்கணும். வைஃபை பேரு, பாஸ்வேர்டு வச்சிடுங்க. கடைசியா டிஎச்சிபியை அணைங்க. அப்புறம்தான் லேன்லருந்து லேனுக்கு கேபிள். வான் போர்ட் காலியா இருக்கட்டும். மெனுவுல 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' இருந்தா பாதி வேலை மிச்சம். அதுல எந்த போர்ட்டுன்னு மட்டும் கையேட்டைப் பாருங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணுக்கு சேனல் 1, இன்னொண்ணுக்கு 11.

கேபிளை முற்றத்துல புதைக்கப் போனேன். எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி சிரிச்சாரு. "தம்பி, இது கரிசல். கோடையில வெடிக்கும், மழையில உப்பும். வயரைப் பிடிச்சு இழுத்துரும்." சுவரோரமா பைப்புக்குள்ள கொண்டுபோனோம். ஈத்தர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எங்களுக்கு 20 போதும். ஐப்பசி இடிக்கு மட்டும் ரெண்டு பக்கமும் கழட்டி வச்சிடுவோம்.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கல. நெட்டாலதானான்னு நான் கேட்கல, அவளும் சொல்லல. அடுத்த இன்டர்வியூவைக் கடைசி அறையில உட்கார்ந்தே பேசினா. நான் வாசல்ல ரவுட்டர் பக்கத்துலயே நின்னேன், யாரும் சுவிட்சைத் தொட்டுரக் கூடாதுன்னு.