கேட்பதற்கு முன் ஒரு போன்ழூர்

ரேணிகுண்டாவில் இறங்கித் திருமலைக்குப் போய்வந்த தமிழர்கள் எல்லாருக்கும் தெரிந்த தெலுங்குச் சொல் ஒன்று உண்டு: 'ஜருகண்டி'. அத்தனை கூட்டத்தை நகர்த்துகிற அவசரத்திலும் வெறும் 'ஜருகு' என்று சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? கடைசியில் ஓர் 'அண்டி' வந்துவிடுகிறது. நம் 'நகருங்க'வில் 'ங்க' செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. 'தயவுசெய்து', 'தயசேசி' எல்லாம் ரயில் நிலைய அறிவிப்புக்கு. டீக்கடையில் யார் அப்படிக் கேட்கிறோம்?

ரேணிகுண்டாவில் நான் பிரெஞ்சு சொல்லித்தருகிறேன். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்த பிள்ளைகள். பிரெஞ்சிலும் நீ, நீங்கள் உண்டு, 'து' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள் என்றதும் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். ஆங்கிலத்தில் இல்லாத சௌகரியம் அல்லவா! உடனே, 'தொனே முவா அன் கஃபே' என்பார்கள். எனக்கு ஒரு காபி கொடுங்க. இலக்கணம் சரிதான், 'கொடுங்க'வின் மரியாதையும் வினைச்சொல்லில் இருக்கிறது. ஆனால் பாரிஸ் கடைக்காரருக்கு அது உத்தரவு போட்டது போலக் கேட்கும். நமக்கு 'ங்க' போதும். அவர்களுக்குப் போதாது.

என்ன வேண்டும் அவர்களுக்கு? முதலில் ஒரு வணக்கம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பேசுகிறேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி மேல்படிப்புக்கு பிரான்ஸ் போனாள். ரொட்டிக் கடையில் நுழைந்ததும், 'ஒரு பகெத்' என்று கேட்டிருக்கிறாள். கடைக்கார அம்மா ரொட்டியை எடுக்கவில்லை. அவளைப் பார்த்து நிதானமாக, 'போன்ழூர்' என்றாராம். இவளும் 'போன்ழூர், மதாம்' என்று சொன்ன பிறகுதான் ரொட்டி கைக்கு வந்தது. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. எதிரில் நிற்பவரை ஒரு மனுஷியாகப் பார்த்துவிட்டு, பிறகு வேண்டியதைக் கேள் என்கிறார். பேருந்து ஓட்டுநரிடமும் மருந்துக் கடையிலும் இதே முறைதான். பொழுது சாய்ந்துவிட்டால் 'போன்சுவார்'. இதை மட்டும் பழகிக்கொண்டாலே பாதி மரியாதை வந்துவிடும் என்று என் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறேன்.

அடுத்தது, 'வேண்டும்' என்று நேராகச் சொல்கிற 'ஜ வ' வேண்டாம். 'ஜ வூத்ரே' என்று தொடங்குங்கள். கிடைத்தால் நன்றாக இருக்கும் என்கிற தொனி அதில் இருக்கிறது. முடிவில் 'சில் வூ ப்ளே'. உங்களுக்கு விருப்பமானால் என்று அர்த்தம்.

இன்னொன்று, கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். 'கொஞ்சம் நகருங்க', 'கொஞ்சம் தண்ணி கொடுங்க' என்கிறோமே, அந்தக் 'கொஞ்சம்' அளவா? கேட்பதை மெதுவாக்குகிற சொல். தெலுங்கில் 'கொஞ்செம்'. பிரெஞ்சுக்காரர்கள் 'பெத்தி', அதாவது 'சின்ன' என்பதை அப்படியே பயன்படுத்துகிறார்கள். 'அன் பெத்தி கஃபே' என்று கேட்பவர் பெரும்பாலும் கோப்பையின் அளவைச் சொல்லவில்லை.

நன்றிக்கு 'மெர்சி' இருக்கிறது. ஆனால் ஒருவர் தட்டை நீட்டும்போது வெறும் 'மெர்சி' சொன்னால், 'போதும்' என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடக்கூடும். வேண்டுமென்றால் 'வுய்' சேர்த்துச் சொல்லுங்கள்.

நேரம் நெருங்குகிறது. பேசிப் பழக பாரிஸ்வரை போக வேண்டியதில்லை. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி விலகிய பிறகும், புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு அங்கே போகும் நேயர் யாராவது ஒருவர், 'போன்ழூர், ஜ வூத்ரே அன் பெத்தி கஃபே, சில் வூ ப்ளே' என்று தைரியமாகக் கேட்பார் என்று நம்புகிறேன்.