கணினிக்குப் பொறுப்பு யார்?

(தொட்டியத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தப் பெரியவர் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவர். நான் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் இருந்தவன். அவர் எழுதிய வரிக் கேட்புப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். ஒரு தொகையை அடித்துத் திருத்தியிருந்தால் பக்கத்திலேயே சுருக்கொப்பமும் தேதியும் இருக்கும். மாற்றியது யார், எந்த ஆணையின்படி என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும். பின்னாளில் அதே விவரங்கள் கணினிக்கு வந்தன. ஒரு வீட்டின் வரி திடீரென்று பாதியாகியிருந்தால், மாற்றியது யார் என்று கேட்பேன். ‘சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது’ என்பார்கள். சிஸ்டத்துக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்தக் கேள்விதான் இன்றைய என் தலைப்பு.

திருச்சிராப்பள்ளி மாநகராட்சியை எடுத்துக்கொள்வோம். 1866-இல் நகராட்சியாகி, 1994-இல் ஸ்ரீரங்கத்தையும் பொன்மலையையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியானது. இன்று ஐந்து மண்டலங்கள், 65 வார்டுகள். குடிநீர் வரவில்லை என்றால் நகரப் பொறியாளரைக் கேட்கிறோம். டெங்கு பரவினால் நகர்நல அலுவலரைக் கேட்கிறோம். வரி கட்டும் இணையதளம் படுத்துவிட்டால், பிறப்புப் பதிவு தேடியும் கிடைக்காவிட்டால், கேமராப் பதிவு வேண்டிய நாளில் இல்லாமல் போனால் யாரைக் கேட்பது? நம் மாநகராட்சிகளில் கணினி நிரலாளர்கள் இருக்கிறார்கள், உதவி நிரலாளர்கள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் பிரிண்டர் ஓடவில்லை என்றால்தான் அவர்களைக் கூப்பிடுகிறார்கள். பல கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தாகும் அறைக்குள் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.

பொறியாளருக்கும் நல அலுவலருக்கும்கூட அந்த நாற்காலி தானாகக் கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுக நகரம் 1840-களில் டைபஸ் காய்ச்சலில் சீரழிந்து கிடந்தது. நிலத்தடி அறைகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து வாழ்ந்தார்கள். 1846-இல் அந்த நகரத்துக்கென்றே ஒரு சுகாதாரச் சட்டம் வந்தது. அதன்படி 1847-இல் மூன்று பேர் நியமனம் ஆனார்கள். டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன் நகரின் மருத்துவ அலுவலர். ஜேம்ஸ் நியூலாண்ட்ஸ் நகரப் பொறியாளர். தாமஸ் ஃப்ரெஷ் சுகாதாரக் கேடுகளைக் கண்டறியும் ஆய்வாளர். டங்கனுக்கு முதலில் ஆண்டுக்கு 300 பவுண்டு கொடுத்து, சொந்த மருத்துவத் தொழிலையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் அரை வேலை. அது போதாது என்று உடனே தெரிந்துவிட்டது. மறு ஆண்டே 750 பவுண்டு சம்பளத்தில் முழுநேர அலுவலராக்கினார்கள்.

இந்த வரலாற்றில் என் மனத்தைப் பிடித்தது அந்த ஓராண்டு மாற்றம்தான். இன்று நம் நகரங்களின் தொழில்நுட்பப் பொறுப்பு அந்த 1847-ஆம் ஆண்டு நிலையிலேயே நிற்கிறது. 2015 ஜூன் மாதம் ஒன்றிய அரசு சீர்மிகு நகரத் திட்டத்தைத் தொடங்கியது. நூறு நகரங்கள்; அவற்றில் திருச்சி 2017-இல் சேர்ந்தது. ஒவ்வொரு நகரத்திலும் தனி நிறுவனம் அமைத்து, அதற்கு மூன்றாண்டு நிலையான பதவிக் காலத்தோடு ஒரு தலைமைச் செயல் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறின. 2019-இல் நகரத் தரவு அலுவலர் என்று இன்னொரு பொறுப்பையும் உருவாக்கினார்கள். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. நடைமுறையில் பல நகரங்களில் இவை ‘கூடுதல் பொறுப்பு’ என்ற இரண்டு சொற்களில் முடிந்துபோயின. தெருவிளக்கையும் குப்பையையும் பார்க்கிற அலுவலர் தரவையும் பார்த்துக்கொள்வார் என்றால், முதலில் கைவிடப்படுவது தரவுதான். தலைமைச் செயல் அலுவலர் முழுநேரமாகவும் நிலையான காலத்துக்கும் இருக்க வேண்டும் என்று 2024-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2025 மார்ச் 31-ஆம் தேதி அந்தத் திட்டமே முடிவுக்கு வந்தது. நூறு நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் எழுந்து நிற்கின்றன. பெரிய திரைகள், கேமராக்கள், சென்சார்கள். இவற்றின் உரிமத்தைப் புதுப்பிக்கவும் பழுது நீக்கவும் இனி ஆண்டுதோறும் பணம் வேண்டும். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்த ஒரு மனிதர் மாநகராட்சிக்குள் வேண்டும். விற்ற நிறுவனத்திடமே போய் அதைக் கேட்க முடியுமா?

சரி, எப்படிப்பட்டவரை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது?

பட்டம் வேண்டும், மறுக்கவில்லை. கணினி அறிவியலோ மின்னணுவியலோ முறையாகப் படித்திருக்க வேண்டும்; பெரிய அமைப்புகளைக் கட்டி, அவை விழுந்து, மறுபடி எழுப்பிய அனுபவம் வேண்டும். அது நுழைவுச் சீட்டு மட்டுமே. அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதற்கு நம் ஆற்றங்கரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. முக்கொம்பு மேலணையை 1830-களில் கட்டிய ஆர்தர் காட்டன் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த ராணுவப் பொறியாளர். அடியில் பாறை கிடையாது; அள்ள அள்ள மணல். அதன்மேல் எப்படிக் கட்டுவது? அவர் கல்லணையைப் போய்ப் பார்த்தார். நிலையற்ற மணலில் கடைக்கால் போடும் வித்தையை அதைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாகப் பின்னாளில் அவரே எழுதினார். மாநகரத் தொழில்நுட்பத் தலைவருக்கு நான் முதலில் வைக்கும் தகுதி இதுதான்: ஊரின் மணலை அறிந்திருக்க வேண்டும்.

மணல் என்று எதைச் சொல்கிறேன்? ஓர் அலுவலகத்தில் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஸ்ரீரங்கம் தனி நகராட்சியாக இருந்த காலத்தில் பிறந்த ஒருவர் பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புச் சான்று கேட்டு வந்தார். பணியாளர் அவருடைய அப்பாவின் பெயரை ‘ரங்கசாமி’ என்று தட்டினார். பதிவு இல்லை என்றது திரை. இல்லை என்ற சான்று வாங்கிக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகம் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பழைய தடிமன் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னேன். வந்தவர் சொன்ன தேதியிலேயே இருந்தது, ‘ரெங்கசாமி’ என்று. திருச்சிப் பக்கம் ரங்கனை ரெங்கன் என்றும் எழுதுவார்கள் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அந்த மென்பொருளை எழுதியவருக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பாவித்துத் தேடு என்று நிரலில் சேர்ப்பது அரை நாள் வேலை. அதைச் சேர்க்கச் சொல்லும் அதிகாரம் அந்த அலுவலகத்தில் யாரிடமும் இல்லை.

இன்ஷியலும் அப்படித்தான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. விண்ணப்பப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டினால், ஒருவர் இன்ஷியலை முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார். ஒரே ஆள் வரிப் பதிவில் ஒருவராகவும் குடிநீர் இணைப்பில் வேறொருவராகவும் ஆகிவிடுவார். 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றே ஆதாரம். இன்று பதிவாகும் ஒரு பிழை அந்தக் குழந்தையை வாழ்நாள் முழுக்கத் துரத்தும்.

எழுத்துரு விஷயமும் உண்டு. நம் அரசு அலுவலகங்களில் பல ஆண்டுகள் வானவில் எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தர முறையாக ஏற்றது. அதற்கு முன் தட்டச்சான மன்றத் தீர்மானங்களை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகக் குப்பை தெரியும். எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு பெயர் வைத்தார்கள், எந்தப் பொது இடத்தை யாருக்குக் குத்தகைக்கு விட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது. அவற்றை மாற்றி எடுக்க மென்பொருள் உண்டு. செய்யச் சொல்ல ஆள் வேண்டும்.

இரண்டாவது தகுதி, ஒப்பந்தம் படிக்கத் தெரிவது. தணிக்கையாளன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மாநகராட்சியின் தரவு மாநகராட்சிக்கே சொந்தம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா? ஒப்பந்தக் காலம் முடிந்தால் எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள் அதைத் திருப்பித் தருவார்கள்? மூல நிரல் யார் வசம் இருக்கும்? இந்த மூன்றும் விடுபட்டுப்போன ஒப்பந்தத்தில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த நகரம் அடமானத்துக்குப் போய்விட்டதாகவே அர்த்தம். அப்படிப்பட்ட கோப்பில் ‘கூடாது’ என்று எழுதும் துணிவும், எழுதியதற்காக மறு வாரமே மாற்றலாகாத பாதுகாப்பும் அந்த அலுவலருக்கு வேண்டும். அவர் ஆணையருக்கு நேரடியாகப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை மாமன்றத்தில் வெளிப்படையாக அறிக்கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, கெட்ட நாளுக்குத் தயாராக இருப்பது. 2019 மே மாதம் அமெரிக்காவின் பால்டிமோர் மாநகராட்சிக் கணினிகளை யாரோ பூட்டிவிட்டு, திறக்க ஏறக்குறைய 76,000 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டார்கள். மாநகராட்சி கொடுக்க மறுத்தது. மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் வீட்டுப் பத்திரப் பதிவுகள் நின்றன, தண்ணீர்க் கட்டண ரசீது போகவில்லை, சீரமைப்பிலும் வருவாய் இழப்பிலுமாக 1.8 கோடி டாலர் போயிற்று. பின்னர் நடந்த தணிக்கையில் தெரிந்தது, தகவல் தொழில்நுட்பத் துறையே தன் விவரங்களில் சிலவற்றை மாற்று நகல் எடுக்காமல் தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தது. வெகு தூரம் போக வேண்டாம். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, இரண்டு வாரம் போல் நோயாளிச் சீட்டைக் கையால் எழுதினார்கள். நம் அலுவலகங்களில் ‘பேக்கப் இருக்கிறதா’ என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். அதிலிருந்து ஒரு முறையாவது மீட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நகலென்று நான் ஏற்கமாட்டேன். இப்படி ஒரு தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. அந்தத் தகவலை அனுப்பும் கை யாருடையது?

2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 45 மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்ததை இங்கே இருக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய இழப்பு. ஆனாலும் யாரைக் கேட்பது என்ற குழப்பம் வரவில்லை. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் வந்து நின்றார்கள், மூட்டை அடுக்கினார்கள், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது; பிறகு புதிய கதவணையும் எழுந்தது. பொறுப்பு என்பது பெயரோடும் பதவியோடும் இருந்ததால்தான் அது நடந்தது. தரவு உடைந்தால் சத்தம் கேட்பதில்லை. அதனாலேயே அதற்கு ஒரு பெயர் இன்னும் அவசியம்.

இங்கே ஒருவர் மனத்தில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். இதெல்லாம் திருச்சிக்குச் சரி, வாழையும் கோரையும் விளையும் தொட்டியத்துக்கு எதற்கு? மென்பொருளைச் சென்னையிலேயே செய்து தருகிறார்களே, இங்கே ஒருவர் எதற்கு? மென்பொருள் சென்னையில் பிறக்கலாம். தரவு இங்கேதான் பிறக்கிறது. எந்த வீடு இடிந்து காலி மனையானது, எந்த மாடிக்குப் புது இணைப்பு போனது, வரி கட்டியவர் உயிரோடு இருக்கிறாரா என்பது செயல் அலுவலருக்கும் பில் கலெக்டருக்கும் டேங்க் ஆபரேட்டருக்கும் தெரியும். சென்னைத் திரைக்குத் தெரியாது. அதைச் சரியாகப் பதிவு செய்ய வைப்பதும், மென்பொருள் ஊருக்குப் பொருந்தாதபோது எழுத்து மூலம் சென்னைக்குச் சொல்லித் திருத்த வைப்பதும் தேர்ந்த ஒருவரின் முழுநேர வேலை. ஒரு பேரூராட்சியின் வருமானத்தில் அப்படி ஒருவரை வைத்துக்கொள்ள முடியாது என்பது உண்மை. ஆனால் பேரூராட்சிகளுக்கு இப்போதே ஓர் உதவி இயக்குநரும் செயற்பொறியாளரும் பல ஊர்களுக்குப் பொதுவாகத்தானே இருக்கிறார்கள்? அதே ஏற்பாடு இதற்கும் ஆகும். தொட்டியம், காட்டுப்புத்தூர் பேரூராட்சிகளும், 2021-இல் தரம் உயர்ந்த முசிறி நகராட்சியும் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். நகராட்சிக்கு ஓர் இயக்குநரகம், பேரூராட்சிக்கு இன்னொன்று. ஆகையால் அரசாணை வேண்டும். அரசாணை வேண்டும் என்றால் யாராவது கேட்க வேண்டும்.

மன்ற உறுப்பினர்களே, உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். முழுநேரப் பதவி, குறைந்தது மூன்றாண்டு நிலையான காலம், மன்றத்தில் ஆண்டறிக்கை என்ற மூன்றையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். முசிறிக்கும் காட்டுப்புத்தூருக்கும் அதன் நகலை அனுப்புங்கள். கணினி படிக்கும் இவ்வூர்ப் பிள்ளைகளே, பெங்களூருக்கு பஸ் ஏறுமுன் ஒரு முறை நம் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய், பில் கலெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எப்படிப் பதிவு செய்கிறார் என்று பாருங்கள். அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.