மருந்தக அட்டை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் தில்லித் தமிழராகிய நம்மிற் பலர் முதலில் தேடுவது மருந்தக அட்டையைத்தான். மத்திய அரசு ஊழியர்க்கென 1954ஆம் ஆண்டில் இந்நகரிலே தொடங்கப்பெற்ற நலவாழ்வுத் திட்டம் தந்த அட்டை அது. சம்பளத்தில் சிறு தொகை பிடிப்பர். மருத்துவரும் மருந்தும் கிடைக்கும். பின்னர் ஓய்வூதியரும் அதிற் சேர்க்கப்பெற்றனர். மருந்து தாமதமாகிறது என்று குறைகூற நாம் தவறுவதில்லை; அட்டையே இல்லாதவரைப் பற்றி நினைப்பதோ அரிது.

மருத்துவர் ஊரில் இருந்தால் மட்டும் போதாது. அவரை யார், என்ன செலவில் அணுகலாம் என்பதை வகுப்பது அரசின் கொள்கையே. பணம் கொடுக்க இயலாமையால் எவரும் சிகிச்சை இழக்கலாகாது என்று 1946இல் போர் குழு அறிக்கை கூறிற்று. அதன் வழியே கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. அக்குழுவில் உறுப்பினராயிருந்த நம் டாக்டர் ஆ. இலக்குமணசாமி முதலியார், 1959இல் அமைந்த குழுவுக்குத் தாமே தலைவரானார். புதிய நிலையங்களைத் திறக்குமுன் இருப்பவற்றை வலுப்படுத்துங்கள் என்றது அவர் குழு. கட்டடம் உண்டு, மருத்துவர் இல்லை என்ற நிலையைக் கண்டவர்கள் அச்சொல்லின் அருமையை அறிவார்கள்.

ஆலைத் தொழிலாளர்க்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் காப்பீடு தொடங்கிற்று. ஆக, கிராமத்தார்க்கு ஒரு வாயில், ஆலையாளர்க்கு ஒரு வாயில், நமக்கு ஒரு வாயில். நம் வீட்டிற் பாத்திரம் துலக்கும் அம்மையார் எவ்வாயிலில் நுழைவார்?

2018ஆம் ஆண்டுத் திட்டம், தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. பெரிய உதவிதான். ஆனால் அது படுக்கையிற் சேர்ந்தார்க்கே உரியது. மூன்று வாரமாக இருமுகின்ற ஒருவர் மருத்துவரிடம் வெறுமனே காட்டிவர அது உதவாது. காசநோய்க்கு அரசு மருந்து இலவசம். அது காசநோய்தான் என்று கண்டறியும் வரையிலன்றோ இடர்ப்பாடு! அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு திறந்தே இருக்கிறது. ஆனால் காலையில் அங்கே வரிசையில் நிற்க வேண்டியவர், அவ்வேளையில் நம் அடுக்களையில் நிற்கிறார்.

இதற்கு நாம் எந்தக் குழுவின் அறிக்கைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவரைக் காணச் செல்லும் நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லையென இக்குடியிருப்புக் குடும்பங்கள் இசையுமாறு செயற்குழுவின் சார்பில் வேண்டுகின்றோம். கையொப்பமிடுவதற்கான ஏடு வாயிலருகே வைக்கப்பட்டுள்ளது.