கசிமிரோ பரேலா: நாற்பதாண்டுச் செனற்றர்

ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றைக் கற்போர் கப்பலேறி அந்நாட்டிற் குடியேறியவர்களைப் பற்றியே பெரும்பாலும் கற்கின்றனர். இருந்த இடத்தை விட்டு ஓரடியேனும் பெயராது, எல்லைக்கோடு தம்மைக் கடந்து சென்றமையால் அமெரிக்கராகிவிட்ட மக்களும் அங்கு உளர். ஸ்பானிய மொழி பேசிய அம்மக்களுள் ஒருவரே கசிமிரோ பரேலா. கொலராடோ மாநிலத்தின் செனற் சபையில் நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து அமர்ந்திருந்தவர் அவர்.

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூ மெக்சிக்கோவில், எம்புடோ என்னும் சிற்றூரிற் பரேலா பிறந்தார். அமெரிக்கப் படை அந்நாட்டுட் புகுந்து ஓராண்டும் நிறையாத காலம் அது. குழந்தைக்கு ஒரு வயது நிரம்புமுன், 1848 பெப்ரவரியில், குவாடலூப்பே ஹிடால்கோ உடன்படிக்கை கைச்சாத்தாகி, அந்நிலப்பரப்பு மெக்சிக்கோவிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. அங்கு வாழ்ந்தோரின் சொத்துரிமைக்கும் சமய உரிமைக்கும் உடன்படிக்கை உறுதி கூறியது. மொழியைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1861இல், இரண்டாவது கோடு கிழிக்கப்பட்டது. வடக்கே டென்வர்ப் பகுதியிற் பொன் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் அங்கு திரண்டனர். கொலராடோ ஆள்புலம் உருவாயிற்று. அதன் தென்னெல்லை நேர்கோடாக வரையப்பட்டமையால், நியூ மெக்சிக்கோவைச் சேர்ந்திருந்த ஸ்பானியச் சிற்றூர்கள் பல தம் உறவினரிடமிருந்து பிரிந்து கொலராடோவுக்குள் வந்துவிட்டன. அது வரையில் அவர்கள் அலுவல்களுக்குச் சாந்தா பே நகரை நாடினர். அங்கு அவர்கள் மொழி வழங்கியது. இனி நாடவேண்டிய டென்வரிலோ ஆங்கிலமே வழங்கியது.

பரேலா 1867இல் இப்புதிய எல்லைக்கு வடக்கே, திரினிடாட் நகரை அடுத்த பகுதியிற் குடியேறினார். ஆடு மாடு வளர்த்தும் பொருள்களை வண்டிகளில் ஏற்றி அனுப்பியும் செல்வராயினார். சமாதான நீதவான் முதலிய உள்ளூர்ப் பதவிகளை வகித்தபின் ஆள்புலச் சட்டசபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதும் ஆகவில்லை.

1875 டிசெம்பரில், கொலராடோவை மாநிலமாக்கும் பொருட்டு, அரசியல் யாப்பு வகுக்கும் பேரவை டென்வரிற் கூடியது. வந்திருந்த பிரதிநிதிகள் 39 பேர். அவர்களுள் ஸ்பானிய மொழியினர் மூவர்: பரேலா, ஹெசூஸ் மரியா கார்சியா, அகபீட்டோ விகில். முப்பத்தொன்பதின் நடுவே மூன்று வாக்குகளைக் கொண்டு எதனையும் வற்புறுத்த இயலாது. வாதாடி இணங்க வைக்கவே இயலும். அவ்வாறு பெற்ற ஏற்பாடு இது: சட்டமன்றம் இயற்றும் சட்டங்களை, ஆங்கிலம் படித்தறிய இயலாத மக்களுக்குப் போதுமான அளவில், ஸ்பானிய மொழியிலும் செருமன் மொழியிலும் அச்சிட்டு வெளியிடல் வேண்டும், இக்கடமை 1900ஆம் ஆண்டு வரை நிலைக்கும்.

இது சிறிய சலுகையே என்று எண்ணத் தோன்றும். தெற்குக் கொலராடோவின் குடியானவன் நிலையிலிருந்து பார்த்தால் அதன் பெறுமதி விளங்கும். அவனுடைய நிலம் மெக்சிக்கோ அரசு வழங்கிய மானியத்திலிருந்து வந்தது. வாய்க்கால் நீரில் அவனுக்குரிய பங்கு ஊர் வழக்கத்தால் அமைந்தது. புதிய ஆட்சியில் நிலத்தையும் நீரையும் வரியையும் அச்சிட்ட சட்டமே தீர்மானித்தது. தான் மீறுவது எந்தச் சட்டம் என்பதை அறியாமலே ஒருவன் வழக்கில் தோற்கலாம், நிலத்தையும் இழக்கலாம். சட்டம் அறியாமை குற்றத்துக்கு மன்னிப்பாகாது என்று நீதிமன்றம் கூறுகின்றது. அறிவதற்கு வழி செய்யாத அரசு அவ்வாறு கூறுவது எவ்வளவு பொருந்தும்?

செருமன் மொழியும் உடன் இடம்பெற்றமை கவனிக்கத்தக்கது. கொலராடோவிற் செருமனியரும் கணிசமாக வாழ்ந்தனர். அவர்களும் சேர்ந்தமையாற் கோரிக்கை ஒரு சாராரின் குறையாகத் தோன்றாது, பொது நியாயமாகத் தோன்றியிருக்கும்.

எனினும் அந்தக் கால எல்லையை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஒரு தலைமுறைக்குள் அனைவரும் ஆங்கிலம் படித்துவிடுவர் என்ற எண்ணம் அதனுள் அடங்கியிருக்கின்றது. ஸ்பானியம் மண்ணின் மொழி என்று அவ்வாசகம் ஏற்கவில்லை. சில காலம் பொறுத்துக்கொள்ள வேண்டிய மொழி என்றே ஏற்றது. கிடைத்ததைப் பரேலா பெற்றுக்கொண்டார். அதற்குமேற் கேட்டிருந்தால் ஒன்றும் கிடையாதே போயிருக்கலாம்.

1876 ஆகத்து முதலாந் திகதி கொலராடோ மாநிலமாயிற்று. அவ்வாண்டே செனற்றரான பரேலாவை 1916 வரை லாஸ் அனிமாஸ் கவுண்டி மக்கள் மீண்டும் மீண்டும் அனுப்பினர். இதற்கு அவர் புகழ் மட்டும் காரணமன்று. அவர் பெருஞ் செல்வர். ஊர்ப் பெரியவரின் சொற்படி வாக்களிக்கும் வழக்கம் அப்பகுதியில் வேரூன்றியிருந்தது. சனநாயகக் கட்சியில் நெடுங்காலம் இருந்த அவர் பிற்காலத்திற் குடியரசுக் கட்சிக்கு மாறினார். கட்சி மாறியும் ஆசனம் மாறவில்லை என்பதிலிருந்து, மக்கள் கட்சிக்கன்றி மனிதருக்கே வாக்களித்தனர் என்பது புலனாகும்.

இதனிடையே அவர் தொகுதியே மாறிக்கொண்டிருந்தது. இருப்புப்பாதை வந்தது, நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின, இத்தாலியரும் கிரேக்கரும் வேலை தேடி வந்தனர். 1900ஆம் ஆண்டுடன் மொழி ஏற்பாட்டின் காலமும் முடிந்தது. அப்போதும் பரேலா சபையில் அமர்ந்திருந்தார். 1907இல், இத்தாலியரான ஆஞ்செலோ நோச்சே என்பவரின் முயற்சிக்குத் துணைநின்று, கொலம்பஸ் நாளை மாநில விடுமுறையாக்கும் சட்டத்தை அவர் கொண்டுவந்தார். அவ்விடுமுறையைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் கொலராடோ. அதே மாநிலம் 2020இல் அதனை நீக்கி, கப்ரினி அம்மையாரின் பெயரால் வேறொரு நாளை அமைத்தது.

1916 தேர்தலில் பரேலா தோற்றார். 1920 டிசெம்பரிற் காலமானார். டென்வரிலுள்ள சட்டமன்ற மாளிகையின் குவிமாடத்திற் பதினாறு முன்னோடிகளின் உருவங்கள் வண்ணக் கண்ணாடியில் அமைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அவருடையதும் ஒன்று. 1988ஆம் ஆண்டு அம்மாநில வாக்காளர் ஆங்கிலத்தைக் கொலராடோவின் உத்தியோக மொழியாக்கி அரசியல் யாப்பைத் திருத்தியபோதும், அக்கண்ணாடி உருவம் அங்கேயே இருந்தது.

அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1911இல், ஹோசே எமிலியோ பெர்னாண்டஸ் என்பவர் அவரது வாழ்க்கை வரலாற்றை ஸ்பானிய மொழியில் எழுதித் திரினிடாட் நகரில் வெளியிட்டார். ஆங்கிலம் மட்டுமே அறிந்தோர் அதனைத் தம் மொழியிற் படிப்பதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.