புட்டி சொன்ன பாடம்



மியூனிக்கில் வேலை பார்த்தபோது, டுங்கெல்வைட்சன் எனும் பழுப்பு நிறக் கோதுமை பீரை வீட்டிலேயே காய்ச்சக் கற்றேன். ஜெர்மனியில் அதற்குத் தடையில்லை. சொந்த உபயோகத்துக்கு, 2024 முதல் ஆண்டுக்கு 500 லிட்டர் வரை வரியும் கிடையாது.

பாதிக்குக் குறையாமல் கோதுமை மால்ட்; நிறத்துக்கு மியூனிக் மால்ட். வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வருமே, பழம் போட்டதா? இல்லீங்க, எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை. மால்ட்டை 45 டிகிரி வெந்நீரில் சற்று ஊறவிட்டால் கிராம்பு தூக்கலாக வரும்.

முதல் தடவை அவசரப்பட்டு, நொதிப்பு முடியுமுன் புட்டியில் அடைத்தேன். மிச்சமிருந்த சர்க்கரை வாயுவாகி, நள்ளிரவில் 3 புட்டிகள் வெடித்தன. பக்கத்தில் ஆளில்லை, பிழைத்தேன். ஹைட்ரோமீட்டர் கையிலேயே இருந்தது, அளக்கத்தான் பொறுமையில்லை. இப்போ, ரீடிங் 3 நாள் மாறாம நின்னாத்தான் மூடி.

தம்பிகளே, குடிக்கச் சொல்லவில்லை. லேபில் ரீடிங்கை அட்ஜஸ்ட் பண்ணி எழுதினோமே, அந்தப் பழக்கத்தை மட்டும் இங்கேயே விட்டுட்டுப் போங்க.