முதலாளி வீட்டுக் கணக்கு



கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளை நம்பிச் சிறு பட்டறை நடத்துவோர் ஆரணிப் பக்கம் நம்மிடையே உண்டு. அவர்களை ‘முதலாளி’ என்கிறோம். திருவிழா நன்கொடைக்கு முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போகிறோம். பங்குத்தந்தையர் நாங்களும் விலக்கல்ல.

அந்த முதலாளியின் கையில் என்ன இருக்கிறது? லேத் வங்கிக் கடனில். வரவேண்டிய பணம் யாரோ ஒருவர் மேசையில் பில்லாகக் கிடக்கிறது. சனிக்கிழமை கூலி கொடுத்து மிஞ்சினால்தான் வீட்டுச் செலவு. தனி உரிமையாளர் என்றால் சட்டம் தொழிலையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பட்டறைக் கடன் அவர் சொந்தக் கடன். வீட்டுப் பத்திரம் அடகில் இருப்பதை மனைவியிடம் சொல்லாதவர்களும் உண்டு.

லூக்கா 12-இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வன் தன்னோடுதான் பேசிக்கொள்கிறான். வேறு யாரிடமும் பேசியதாக இல்லை. நம் பட்டறைக்காரருக்குக் களஞ்சியம் நிறையவில்லை. ஆனால் இரவில் அவரும் தனக்குள்ளேதான் பேசுகிறார்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991-இல் எழுதிய சுற்றுமடலில் இலாபத்தைக் குற்றமென்று சொல்லவில்லை. கணக்கு சரியாக இருந்தும் அங்கே உழைப்பவர்கள் நசுங்கலாம் என்றார். முதலாளியும் அந்த உழைப்பாளிகளில் ஒருவர்தானே!

தொழில் நடத்துவோரே, உங்களுக்கும் ஒரு மாதச் சம்பளம் எழுதிக்கொள்ளுங்கள். கடன் எவ்வளவு என்று இன்றிரவே வீட்டில் சொல்லுங்கள்.

ஆலைகளில் பில் பாஸ் செய்யும் பிள்ளைகளும் நம் பங்கில் இருக்கிறார்கள். பதிவுபெற்ற குறு, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். திங்கட்கிழமை போனதும் அந்தக் கட்டை எடுத்துப் பாருங்கள் பிள்ளைகளே.