பழம் நீ

உலகை முதலில் வலம் வருவோர்க்கே ஞானப்பழம் என்று அம்மையப்பர் கூறியதாகப் பழனித் தலவரலாறு சொல்லும். தாய்தந்தையரே உலகென வலம் வந்த மூத்தவர் பழம் பெற்றார். மயிலேறி மெய்யாகவே உலகைச் சுற்றிய இளையவர் வெகுண்டு ஆவினன்குடி சேர்ந்தார். பிள்ளைகளை ஒப்பிடும் இல்லங்களில் இன்றும் நிகழ்வதே இது.

பெற்றோர் அதட்டவில்லை, ஆளனுப்பவில்லை. தாமே வந்து, ‘பழம் நீ’ என்றனர். (பொதினி என்பதே பழனியாயிற்று என்பர் ஆராய்ச்சியாளர், அது நிற்க.) சினம் தணிந்தது, எனினும் இளையவர் திரும்பவில்லை. தண்டேந்தி ஆண்டியாய் நின்றார். அவ்வுறுதியையும் பெற்றோர் ஏற்றனர். சுவாமிமலையில் மகனிடமே உபதேசம் கேட்ட தந்தையன்றோ!

கோடைக்கானல் குறிஞ்சியாண்டவர் திருக்கோயிலிலிருந்து, மேகம் விலகினால் பழனிமலை தெரியும். அங்கே குறிஞ்சி பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறையே பூக்கும், 2018இல் பூத்தது. பன்னிரண்டு அகவைப் பிள்ளையை நாள்தோறும் மதிப்பெண் கேட்டு நெருக்குவோர் அவ்விடம் ஒருமுறை சென்று வரலாம்.